பந்தை விடாத கை

ஜூலை 3

மதிப்பிற்குரிய ஆய்வாளர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். நீங்களும் நலமென்று உங்கள் அக்கா சொன்னார். உறையைப் பார்த்ததும் வக்கீல் விஷயமோ என்று பதற வேண்டாம். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. காகிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

விஷயம் என் வாலிபால் அணித் தலைவியைப் பற்றியது. முதல் வருடம் சேர்ந்தபோதே வலைக்கு மேலே முழங்கை தெரியக் குதித்தாளே, நாம் ஸ்பிரிங் என்று பெயர் வைத்தோமே, அவள்தான். போன வருட இறுதிப் போட்டியில் கடைசி சர்வை வலையில் அடித்தாள். கோப்பை போயிற்று. அது போகட்டும், விளையாட்டில் சகஜம். ஆனால் அதற்குப் பிறகு சர்வ் போட அவளுக்குக் கை வரவில்லை. பந்தை ஏந்திக்கொண்டு நிற்கிறாள். நடுவர் விசில் ஊதினால் எட்டு விநாடிக்குள் அடிக்க வேண்டும். பந்தை மேலே தூக்கிப் போடவே மாட்டேன் என்கிறது கை. நேரம் முடிந்து பாயிண்ட் எதிரணிக்குப் போகிறது. இது வெளியே தெரிந்துவிட்டது. இப்போது அவள் பந்தை எடுத்தாலே மற்ற கல்லூரிப் பெண்கள் கேலரியிலிருந்து கோரஸாக எண்ணுகிறார்கள்: "எட்டு... ஏழு... ஆறு..."

எலும்பு டாக்டர் கையில் ஒரு குறையும் இல்லை என்கிறார். எங்கள் கல்லூரி முதல்வர் அம்மா, "வேற பொண்ண கேப்டனா போட்டுட்டு வேலையப் பாருங்களேன்" என்கிறார். நான் கத்திப் பார்த்தேன், கொஞ்சிப் பார்த்தேன். அக்டோபரில் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். இந்த வருடம் விட்டால் அவளுக்கு அடுத்த வருடம் கிடையாது, படிப்பே முடிந்துவிடும்.

நீங்கள் முனைவர் பட்டத்துக்கு இந்த மாதிரி விஷயத்தைத்தான் ஆராய்வதாகக் கேள்வி. ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள். தயவுசெய்து கட்டுரை எதையும் இணைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மகளிர் கல்லூரி உடற்கல்வி இயக்குநர்

*

ஜூலை 9

அன்புள்ள விசிலுக்கு,

தபால்காரருக்கு இரண்டு முறை நன்றி சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

உடற்கல்விக் கல்லூரியில் முதல் நாளே என்னை "டேய் தியரி" என்று கூப்பிட்டவள் நீ. சேர்க்கைக்கான எழுத்துத் தேர்வில் முதலிடமும் கயிறு ஏறுவதில் கடைசி இடமும் வாங்கியவனுக்கு அது பொருத்தமான பெயர்தான். பதிலுக்கு நான் உனக்கு வைத்தது விசில். கல்யாணத்துக்குப் பிறகும் நீ, வா, போதான். இப்போது "ஆய்வாளர் அவர்களுக்கு", "நீங்கள்". இரண்டு வருடம் தனித்தனியே இருந்தால் மரியாதை தானாக வளரும் போலிருக்கிறது.

ஸ்பிரிங்குக்கு வருவோம். பழகிய வேலையை உடம்பு நம்மைக் கேட்காமலே செய்யும். படியிறங்கும்போது எந்தக் காலை எங்கே வைக்கிறோம் என்று யோசித்துப் பார், கால் இடறும். அவள் இப்போது தன் கையைத் தானே காவல் காக்கிறாள். கவனத்தைக் கையிலிருந்து வெளியே கொண்டுபோக வேண்டும். தனியாக இருக்கும்போதும் இப்படி ஆகிறதா, கண்ணை மூடினால் என்ன ஆகிறது, எதிரே நிற்பவள் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டு அடித்தால் போகிறதா, பார்த்து எழுது.

ஒரே ஒரு கட்டுரை இணைத்திருக்கிறேன். சின்னதுதான், நாற்பது பக்கம்.

அன்புடன்,
தியரி

*

ஜூலை 26

ஆய்வாளர் அவர்களுக்கு,

கட்டுரை வந்தது. ஸ்டோர் ரூமில் ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. கொஞ்சம் படித்துவிட்டுத்தான் வைத்தேன்.

நீங்கள் சொன்னதையெல்லாம் செய்தோம். அவளைத் தனியே விட்டுவிட்டு உள்ளரங்கக் கதவுக்கு வெளியே நின்று காதை வைத்துக் கேட்டேன். பந்து சுவரில் மோதும் சத்தம் பழையபடி டம் டம்மென்று வந்தது. சந்தோஷத்தில் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துத் தரை துடைக்கும் அம்மா வாளியோடு உள்ளே போனார். சத்தம் நின்றுவிட்டது.

பெயரைக் கூப்பிட்டு அடிப்பதும் பயிற்சியில் நன்றாகவே நடந்தது. ஆறு பேர் பார்க்க அடித்தாள், பத்துப் பேர் பார்க்க அடித்தாள். சரி, தீர்ந்தது என்று போன சனிக்கிழமை நட்பு ஆட்டத்தில் இறக்கினேன். கேலரியில் எண்ணத் தொடங்கினார்கள். இவள் எதிரே நின்ற பெண்ணின் பெயரைக் கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். அந்தப் பெண், "என்ன?" என்று கேட்டுவிட்டது. அரங்கமே சிரித்தது. பந்து கையிலேயே இருந்தது.

பிறகு உடை மாற்றும் அறையில் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். "பந்து கையில ஒட்டிக்குது மேடம். விடு விடுன்னு நான்தான் சொல்றேன், அது கேக்க மாட்டேங்குது. நான் இனிமே வரல மேடம், என்னால டீமுக்கு அசிங்கம்" என்றாள். வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். மூன்று நாளாக மைதானம் பக்கம் வரவில்லை.

வேறு வழி ஏதாவது இருக்கிறதா?

இப்படிக்கு,
உடற்கல்வி இயக்குநர்

*

ஆகஸ்ட் 2

அன்புள்ள விசிலுக்கு,

வருத்தமாக இருக்கிறது. ஆனால் இப்படிப் பயிற்சியில் சரியாகிப் போட்டியில் மறுபடி வருவது மிக அரிதாகத்தான் பதிவாகியிருக்கிறது. என் வழிகாட்டியிடம் சொன்னேன். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "இதை ஒரு தனி அத்தியாயமா போடுய்யா. இருநூறு பேர்கிட்ட நீ நிரப்பி வாங்கின வினாத்தாளைவிட இந்த ஒரு பொண்ணு போதும்" என்கிறார். பெயர், ஊர், கல்லூரி எதுவும் வெளியே வராது. நான் அங்கு வந்து, எண்ணும் கூட்டம் இருக்கும்போதும் இல்லாதபோதும் அவள் கையை மட்டும் கேமராவில் பதிவு செய்தால் எந்த இடத்தில் தசை இறுகுகிறது என்று தெரிந்துவிடும். அவளுக்கும் உதவும், ஆய்வுக்கும் உதவும். எந்தத் தேதி வசதி?

அன்புடன்,
தியரி

*

ஆகஸ்ட் 6

டேய் தியரி,

கேமராவா? அவள் மைதானத்துக்கே வரவில்லை என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியைப் படித்தாயா, தாண்டிப் போனாயா? எண்ணும் கூட்டம் வேறு வேண்டுமாம். யாரைக் கூட்டிவந்து எண்ணச் சொல்வாய், வாடகைக்கா?

நீ கெட்டவன் இல்லை, எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது. ஒரு மனுஷி உன் முன்னால் உடைந்து உட்கார்ந்திருந்தால் உனக்கு அது ஏன் உடைந்தது என்றுதான் தோன்றும். நம் குழந்தை வயிற்றில் தங்காமல் போன அன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த என்னிடம் நூறு பேரில் எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது என்று சொன்னாய். ஆறுதலாகத்தான் சொன்னாய். ஆனால் அன்றைக்கு நான் நூறில் ஒருத்தி இல்லையடா. நான் மட்டும்தான் இருந்தேன்.

இரண்டு வருடமாக இதைச் சொல்லாமல், வேலை, இடமாற்றம், தூரம் என்று எல்லோரிடமும் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று எழுதிவிட்டேன். பதில் எழுதுவதும் எழுதாததும் உன் விருப்பம்.

விசில்

*

ஆகஸ்ட் 17

அன்புள்ள விசிலுக்கு,

பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் "ஏனென்றால்" என்றே முதல் வார்த்தை வந்தது. எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன்.

அன்று நான் பயந்துபோயிருந்தேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. அவ்வளவுதான், இதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அந்த அத்தியாயம் கிடையாது என்று வழிகாட்டியிடம் சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். இறங்கும்போது இறங்கட்டும்.

ஆலோசனை சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. அந்தப் பெண்ணை என்ன செய்யலாம் என்று நீயும் நானும் கடிதம் கடிதமாகப் பேசிவிட்டோம். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளிடம் கேட்டோமா?

"டேய்" என்று கூப்பிட்டதற்கு நன்றி.

தியரி

*

செப்டம்பர் 11

அன்புள்ள தியரிக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள் ஸ்பிரிங் வீட்டுக்குப் போனேன். மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நானும் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு கூடவே உதறிப் போட்டேன். "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டேன். கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டாள். பிறகு, "எனக்கு ஆடணும் மேடம். சர்வ் அழகா போகணும்னு ஆசையில்ல. அந்தப் பக்கம் போனாப் போதும். அண்டர்ஹேண்ட்ல போடவா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்லூரி அணித் தலைவி, பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகள் மாதிரி கீழிருந்து தட்டுவதா? மற்ற கோச்சுகள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்றுதான் முதலில் தோன்றியது. பாரேன், அவள் பயத்தைப் பற்றி இவ்வளவு பேசிய எனக்கு என் பயம் அந்த மாடியில்தான் தெரிந்தது. "போடு" என்றேன்.

நேற்று கல்லூரிகளுக்கு இடையிலான அரையிறுதி. அவள் முறை வந்தது. விசில். கேலரியில் "எட்டு" என்று ஆரம்பித்தார்கள். நான் பெஞ்சில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருந்தேன். ஸ்பிரிங் தலையை நிமிர்த்திக் கேலரியைப் பார்த்தாள். பிறகு, நம்பமாட்டாய், அவர்களோடு சேர்ந்து அவளும் சத்தமாக "ஏழு" என்றாள். எங்கள் பெண்களுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் அத்தனை பேரும் "ஆறு!" என்று கத்தினார்கள். அடுத்த எண்ணுக்குள் பந்து போய்விட்டது. கீழிருந்து, மெதுவாக, மேற்கூரையைத் தொட்டுவிடுவது போல ஏறி இறங்கியது. எதிரணிப் பெண்கள் இருவர் "நீ எடு", "நீ எடு" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்க, நடுவில் விழுந்தது.

ஒரு கோச் சிரித்தார்தான். நானும் திரும்பிச் சிரித்தேன்.

கதையில் வருவது போல ஜெயிக்கவில்லை. ஐந்தாவது செட்டில் தோற்றோம். அவளே ஒரு சர்வை வலையில் போட்டாள். போட்டுவிட்டு, "ப்ச்" என்று சொல்லிவிட்டு அடுத்த பந்துக்குத் தயாரானாள். அந்த "ப்ச்" எனக்குக் கோப்பையைவிடப் பெரிது. பஸ்ஸில் வரும்போது பெண்கள் போட்ட ஆட்டத்தில் டிரைவர் இரண்டு முறை வண்டியை நிறுத்தித் திட்டினார்.

உன் ஆய்வைப் பற்றி அவளிடம் சொன்னேன். ஒளிக்க மனம் வரவில்லை. அவள் பதிலை அப்படியே எழுதுகிறேன்: "சார் எழுதட்டும் மேடம். ஆனா நான் குணமாயிட்டேன்னு எழுதக் கூடாது. இன்னும் ஆகல. கையில பந்து ஒட்டத்தான் செய்யுது. ஒட்டினா என்ன பண்றதுன்னு இப்பத் தெரியும், அவ்வளவுதான்."

நேரத்துக்குச் சாப்பிடு.

விசில்

*

ஜனவரி 8

அன்புள்ள விசிலுக்கு,

பல்கலைக்கழக அணியின் இறுதிப் பட்டியலில் மாற்று வீராங்கனையாக அவள் பெயர் வந்திருப்பதை நாளிதழில் பார்த்தேன். துறை வராந்தாவில் நான் போட்ட கூச்சலுக்கு வழிகாட்டி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் கை தட்டினார். தூக்கி வைத்திருந்த முகம் இறங்கிவிட்டது.

அத்தியாயத்தை முதலில் ஸ்பிரிங்குக்குத்தான் அனுப்பினேன். "பாதிக்கப்பட்டவர்" என்று நான் எழுதிய இடத்தையெல்லாம் சிவப்பு மையால் அடித்து, "விளையாடுகிறவர்" என்று திருத்தியிருக்கிறாள். என் தேர்வாளர்கள்கூட இவ்வளவு கண்டிப்பாக இருக்கமாட்டார்கள். எல்லாத் திருத்தத்தையும் ஏற்றுக்கொண்டேன்.

வாய்மொழித் தேர்வு பிப்ரவரி இருபதாம் தேதி. பொதுவில் நடக்கும், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அழைக்கிறேன் என்று எழுதப் பேனாவை எடுத்தால், கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

இறுதிப் பிரதியில் நன்றியுரைப் பக்கம் மட்டும் பாக்கி. "ஒரு வாலிபால் பயிற்சியாளருக்கு நன்றி" என்று எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு மேல் எழுத உன்னைக் கேட்க வேண்டும். உன்னை எப்படிக் குறிப்பிடட்டும்?

தியரி

*

ஜனவரி 14

அன்புள்ள தியரிக்கு,

"ஒரு வாலிபால் பயிற்சியாளர்" என்று போட்டால் தேர்வாளர் யாரவர் என்று கேட்பார். நீ விழிப்பாய், ஐந்து வருட உழைப்பு அங்கேயே கவிழ்ந்துவிடும். "என் மனைவி" என்று எழுது. பயிற்சியாளர் என்பதையும் சேர்த்துக்கொள், அதற்கும் நான் கஷ்டப்பட்டிருக்கிறேன்.

இருபதாம் தேதி வருகிறோம். ஸ்பிரிங்கும் அணியும் ஒரே பிடிவாதம். கைதட்ட வேண்டிய இடத்தில் மட்டும்தான் கைதட்ட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கேட்பார்களா என்று தெரியாது. அந்த நீலச் சட்டையைப் போடாதே, பயந்தால் அதில் வியர்வை தெரியும்.

தேர்வு முடிந்ததும் பெண்களைத் துணைப் பயிற்சியாளர் பஸ்ஸில் கூட்டிப் போய்விடுவாள். நான் அவர்களோடு திரும்பவில்லை. ஒரு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல்வர் அம்மா காரணம் கேட்டார். "வீட்டு வேலை" என்றேன்.

உன் அறையில் இன்னொரு தலையணை இருக்கிறதா, இல்லை இங்கிருந்து கொண்டுவரட்டுமா? உடனே எழுது.

உன்,
விசில்