கூரையில்லாத கடையும் அரசாங்கச் சுவரும்

சமயநல்லூர்

அன்பு மகள் சத்யப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நாலு ஆடுகளும் சொக்கநாதர் புண்ணியத்தில் சுகம். டெல்லிக் குளிரில் நீயும் இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

அரசாங்கம் செலவு செய்தால் தனியார் முதலீடு பின்னாலேயே ஓடி வருமா, ஒதுங்கிப் போகுமா என்று நாலு வருடமாக ஆராய்ச்சி செய்கிறாயே, இரண்டும் நடக்கும், நம் வீட்டிலேயே நடந்துவிட்டது. எதிரே அரசாங்க ஆபீஸ் வருகிறதென்று கல் நட்ட அன்றே, ஆபீஸ் வந்தால் கூட்டம் வரும், கூட்டத்துக்குப் பசிக்கும் என்று இரண்டு கறவை மாட்டையும் விற்றுச் சாப்பாட்டுக்கடை கட்டத் தொடங்கினோம். திட்டுவாய் என்றுதான் உன்னிடம் சொல்லவில்லை. நாலு சுவர் எழும்பிய வாரம் எதிரே ஆபீஸ் கட்டும் வேலை ஆரம்பித்தது, நம் கொத்தனார் அழகுபாண்டி கரண்டியும் மட்டப்பலகையுமாக எதிர்ப்பக்கம் போய்விட்டான். கேட்டால், அங்க கூலி அம்புட்டுத் தாராகக்கா, நான் என்ன செய்ய என்கிறான். மணல், செங்கல், சித்தாள் எல்லாம் அங்கேதான். அவனைக் கெஞ்சப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாதென்று கருவாட்டுக் குழம்பு கொண்டுபோனேன். மறுநாள் அந்த ருசிக்கு, அங்கே வேலை பார்க்கிற முப்பது பேரும் சாப்பிட வந்து கூரையில்லாத கடைக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் எதிரே இருக்கும்வரை எனக்கு வியாபாரம் உண்டு, கூரை கிடையாது. அங்கே வேலை முடிந்து இங்கே வந்துவிட்டால் கூரை உண்டு, வியாபாரம் கிடையாது.

போன மாதம் ஆபீஸ் முடிந்தது. போர்டு மாட்டிப் பூட்டும் போட்டார்கள், அதிகாரி மட்டும் வரவில்லை. நாளைக்கே ஒனக்குக் கூரைத் தளம் போட்டுருவோம்க்கா என்று அழகுபாண்டி வந்து நின்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மாடும் போய், இந்த முப்பது பேரும் போனால் பிழைப்புக்கு என்ன செய்வேன் என்று அன்று முழுக்கப் பயந்து கிடந்தேன். உன் அப்பா நாலு ஆட்டையும் ஆபீஸ் வளாகத்துக்குள் ஓட்டிவிட்டு, ஐயா ஆடு மேய்கிறது, காம்பவுண்டுச் சுவர் வேண்டும் என்று அவரே மனுவும் கொடுத்தார். இன்ஜினீயர் பிளானோடு வந்து நின்றார், அந்தக் கறுப்புக் கிடா பிளானிலேயே ஒரு மூலையைத் தின்றுவிட்டது. சுவர் உடனே சாங்ஷன், முப்பது பேரும் திரும்ப வந்தார்கள். சுவர் ஆள் உயரம் எழும்பிய பிறகுதான் பார்க்கிறோம், நம் கடைப் பக்கம் வாசலே இல்லை. கிடா தின்ற மூலையில்தான் வாசல் இருந்ததாம். இருக்கிற ஒரே வாசல் பின்பக்கம், அங்கே தங்கப்பாண்டி தள்ளுவண்டியில் தக்காளிச் சோறு விற்கிறான், முப்பது பேரும் அவனிடம். ஊரில் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வார்கள், நாங்கள் அரசாங்கக் காசில் வைத்துக்கொண்டோம்.

சிரிக்காதே, எனக்கு மனசு ஆறவில்லை. நம் பக்கம் சுவரை உடைத்து வாசல் வைக்கச் சொல்லி ஒரு மனு வேண்டும். அதுவும் அரசாங்கச் செலவுதானே, பத்து நாள் வேலை, முப்பது பேர் பசி. உன் ஆராய்ச்சியை ஒரு நாள் ஓரமாக வைத்துவிட்டு, நாலு பெரிய வார்த்தை போட்டு நீயே எழுதி அனுப்பு. நேரத்துக்குச் சாப்பிடு. மீனாட்சி உன்னை நல்லபடி வைப்பாள்.

ஆட்டை இந்த முறை கட்டிப் போட்டுவிட்டோம்.

உன் அம்மா
முனீஸ்வரி மலையாண்டி