நீ இருட்டாக்கி வைத்த டிவி

கூடத்து மூலையில் ஒரு பலாப்பழம் பழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த வாசனை மூக்கில் ஏறும்போதெல்லாம் உன் மேல் கோபம் பொங்குகிறது. செத்துப்போனவனிடம் கோபித்துக்கொள்ளக் கூடாதாம். கோபித்துக்கொள்கிறேன், போ.

போன வாரம் மகள் வந்திருந்தாள். தன் கல்யாண வரவேற்பு வீடியோவைப் போட்டவள், "என்னப்பா, டிவி இவ்ளோ இருட்டா இருக்கு?" என்று ரிமோட்டை எடுத்தாள். அது நீ செய்துவைத்த வேலை என்று அவளிடம் சொன்னேன். புது டிவி வாங்கிய அன்று இதே வீடியோவைத்தான் சேர்ந்து பார்த்தோம். கறுப்பெல்லாம் சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறதென்று நீதான் மெனுவுக்குள் போனாய். "பிரைட்னஸ எறக்குனாத்தான்டா கறுப்பு கறுப்பா இருக்கும். இனிமே யாரும் இதுல கை வெக்காதீங்க" என்றாய். நாங்களும் தொடவில்லை. ஒன்றாக வேலைக்குப் போன ஷிப்ட் பஸ்ஸில் எனக்கு இடம் போட்டு வைத்த சிநேகிதன் நீ. நீ சொன்னால் எனக்கு வேதவாக்கு.

"ரொம்ப எறக்கிட்டா இருட்டுல இருக்கறதெல்லாம் மறைஞ்சிடும்பா" என்றபடி மகள் ஏற்றினாள். சீரியல் விளக்குக்குப் பின்னால் வெறும் கறுப்பாகக் கிடந்த இடத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் வேலி தெரிந்தது. வேப்பமரத்தடியில், தோளில் பலாப்பழத்தோடு என் அண்ணன். அவர் மார்பில் கை வைத்து மறித்துக்கொண்டு நீ.

முந்திரித் தோப்புத் தகராறில் என்னோடு பேச்சை நிறுத்தியிருந்த அண்ணன். பத்திரிகை வைத்தும் வரவில்லையே என்று அன்று உன்னிடம்தான் கண் கலங்கினேன். "வர்றவரா இருந்தா வந்திருப்பாரு, வுடு" என்றாய். பிறகு ஒரு பலாப்பழத்தைக் கொண்டுவந்து இறக்கி, உன் மச்சான் தோப்புப் பழம் என்றாய். உன் கையைப் பிடித்து நன்றி சொன்னேன்.

மறுநாளே அண்ணன் இருக்கும் காடாம்புலியூருக்கு பஸ் ஏறினேன். அண்ணனுக்கு நடை தளர்ந்துவிட்டது. "ஊருக்காகத்தான் பத்திரிகை வெச்சான். உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொல்லிக்கினு இருக்கான், போயிடுங்க" என்றாயாமே அவரிடம்! கல்யாண வீட்டில் சண்டை வேண்டாமென்று செய்தாயா? பிறகாவது சொல்லியிருக்கலாமே. பழைய டிவியில் தெரியாத முகம் புதியதில் தெரிந்ததும், சொல்வதற்குப் பதில் பிரைட்னஸை இறக்கினாய். நீ செத்தபோது உனக்காக அழுததை நினைத்தால் எரிகிறது.

கிளம்பும்போது அண்ணன் இந்தப் பழத்தைக் கொடுத்தார்.

"அன்னிக்கு உன் சிநேகிதருகிட்ட குடுத்தனுப்புனனே, இனிச்சுதாடா?"

"இனிச்சுதுண்ணா."

பொய்யில்லை. ஊரெல்லாம் அந்தப் பழத்தின் ருசியைச் சொல்லி உன்னைப் புகழ்ந்தேன். அந்த நன்றியை உன்னிடமிருந்து எப்படித் திரும்ப வாங்கி அண்ணனிடம் கொடுப்பேன்?