வேலை இல்லை என்று சொன்ன வீடுகள்

இன்று காலை பத்து மணிக்கு அஜின்கோர்ட்டில் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் லிப்டில் ஏறினேன். கதவு மூடியதும் ரோல்ஸ் பொரிக்கும் மணம். நான்காம் மாடியில் கொஞ்சம், ஏழாம் மாடியில் இன்னும் கூட. ஒன்பதாம் மாடியில் கண்ணைக் கட்டிவிட்டாலும் வீட்டைக் கண்டுபிடிக்கலாம். நீர் இருந்திருந்தால் லிப்டுக்குள்ளேயே பேனாவை எடுத்திருப்பீர். "இந்தக் கட்டடத்தில ஒருத்தருக்கும் தொழில் இல்லையெண்டு சொல்லுது உம்மட வரைபடம். மூக்கில்லாத ஆள் கீறினது போல" என்று முன்பொருமுறை இதே லிப்டில் சொன்னீர். நீர் போய் எட்டு மாதமாகிறது. மணத்தை எழுத எங்கள் படிவத்தில் இன்னமும் இடமில்லை.

நாம் சேர்ந்து செய்த வேலையை உம்முடைய மரணச் சடங்கில் ஒருவருக்கு விளக்க வேண்டி வந்தது. நகரசபைகள், கல்லூரிகள், வர்த்தகச் சங்கங்கள், வீட்டு நிர்வாக நிறுவனங்கள் எல்லாம் தங்களிடமுள்ள தரவுகளை ஒரே இடத்தில் போட்டுப் பகிர்ந்துகொள்வது. அதைப் பார்த்து, பிராந்தியத்தின் வளர்ச்சி எட்டாத இடங்களுக்கு அதை எட்டச் செய்வது. நோக்கம் நல்லது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. எவரையும் விட்டுவிடாத வளர்ச்சி பற்றிய கூட்டங்கள் பிராந்தியத்தின் மறுகோடியில், மிசிசாகாவில் நடந்தன. விட்டுவிடக்கூடாதவர்கள் அங்கே வருவதற்கு மூன்று பஸ் மாற வேண்டியிருந்ததால், அவர்கள் வராததைக் குறித்து ஒவ்வொரு கூட்டத்திலும் கவலை தெரிவிக்கப்பட்டது. முதல் கூட்டத்துக்கு நீரும் மூன்று பஸ் மாறி வந்தீர். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு உள்ளே நுழைந்து, "நான்தான் அந்தத் தரவு" என்றீர். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவர் குறித்துக்கொண்டார்.

உமக்குக் கதவு தட்டும் வேலை, எனக்கு அறிக்கை எழுதும் வேலை. வீட்டில் சமைத்து விற்பவர்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, அனுமதியோடு சமைக்க ஒரு பொதுச் சமையலறை கட்டப்படும். தேவை எங்கே என்று தரவு காட்டுகிறதோ அங்கே அது வரும் என்றார்கள். வீட்டில் தொழில் செய்பவர்களைக் காட்டும் எங்கள் வரைபடத்தில் அஜின்கோர்ட்டின் அந்தப் பகுதி வெளிறிக் கிடந்தது. ஏன் என்று பார்க்க உம்மோடு நானும் ஒருநாள் வந்தேன். பவளம் அன்ரி கதவைத் திறந்தார். பின்னால் மேசை முழுவதும் சுருட்டி வைத்த ரோல்ஸ்.

"அன்ரி, என்ன தொழில் எண்டு போட?" என்று கேட்டீர்.

"தொழிலோ? நான் சும்மா வீட்டில இருக்கிறன், பிள்ளை."

"உது என்ன அன்ரி மேசையில?"

"உது ஒரு பிறந்தநாளுக்கு."

"போன கிழமையும் பிறந்தநாள் எண்டனீங்கள்."

"கனடாவில பிறக்கிற ஆக்கள் கனக்க" என்றார் அன்ரி, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல்.

கட்டடம் முழுவதும் அப்படித்தான். பிளவுஸ் தைக்கிறவர், ஐந்து பிள்ளைகளைப் பகலில் பார்க்கிறவர், இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர், எல்லாரும் சும்மா இருந்தார்கள். வீட்டுக்குள் செய்வதை வேலை என்று சொல்லிப் பழக்கமில்லை என்பது ஒரு காரணம். மற்றதை வாசலில் நின்று நீர் எனக்கு மெதுவாகச் சொன்னீர்: "சண்டை நேரம் ஊரில பேர் எழுதிக்கொண்டு போனவை என்னத்துக்குத் திரும்பி வந்தவை எண்டு இந்தச் சனம் மறக்கேல்லை." ஆகவே நீர் அச்சடித்த படிவத்தில் அவர்கள் சொன்னதை எழுதினீர். பிறகு தேநீர் குடித்து, மாசக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய், உண்மையான தொழிலை ஓரத்தில் உம்முடைய கையெழுத்தில் எழுதினீர். எழுத முன் ஒவ்வொருவரிடமும் கேட்டீர். எத்தனை பேர் என்ற கணக்கு மட்டும்தான் வெளியே போகும் என்று வாக்குக் கொடுத்தீர்.

அந்த ஓரத்தில் இருந்ததை நான் தட்டச்சு செய்து பொதுக் கோப்பில் சேர்த்தேன். பெயர்களை நீக்கினேன், அதில் எனக்குப் பெருமை வேறு. தபால் குறியீட்டையும் மாடி எண்ணையும் விட்டுவைத்தேன், ஆய்வுக்கு உதவும் என்று. இந்த ஊரில் ஒரு தபால் குறியீடு ஒரே ஒரு கட்டடமாக இருக்கலாம் என்பது பதினெட்டு வருடம் அப்படியொரு கட்டடத்தில் குடியிருந்த எனக்குத் தோன்றவில்லை. பகிர்ந்துகொண்டவர்களில் அந்தக் கட்டடத்தின் நிர்வாகமும் இருந்தது. மூன்று கிழமையில், குடியிருப்பில் வியாபாரம் செய்வது ஒப்பந்தத்துக்கு மாறானது என்று கதவுகளுக்குக் கீழால் கடிதம் வந்தது.

உம்மைக் கோப்பிக் கடையில் கண்டேன். நீர் சத்தம் போடவில்லை.

"பேரை எடுத்திட்டன் எண்டு சொல்லுறீர். வீட்டை எடுக்கேல்லையே."

"நான் வந்து கதைக்கிறன்."

"நீர் வந்தால் விளக்கம் சொல்லுவீர். அங்க ஒருத்தருக்கும் இப்ப விளக்கம் தேவையில்லை."

நீர் தனியே எல்லாக் கதவுக்கும் போய், பிழை உம்முடையது என்று சொன்னீர். பாதிக் கதவுகள் திறக்கவில்லை. பவளம் அன்ரி அடுப்பை நிறுத்திவிட்டு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பெட்டி கட்டும் வேலைக்குப் போனார். அந்த வருட அறிக்கையில் அது நல்ல செய்தியாக வந்தது: வேலையில்லாத ஒருவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. எழுதியவன் நான்தான். ஓரக் குறிப்புகளைப் பொதுக் கோப்பிலிருந்து நான் எடுத்துவிட, வரைபடத்தில் அஜின்கோர்ட் மறுபடியும் வெளிறியது; பொதுச் சமையலறை மிசிசாகாவில் திறக்கப்பட்டது. கார் நிறுத்த நிறைய இடமுண்டு.

இப்போது இரண்டாம் கட்டம் என்கிறார்கள். இரண்டாவது சமையலறைக்கு அஜின்கோர்ட்டின் பெயரும் அடிபடுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் தரவு வேண்டும். வராவிட்டால் அது வேறு எங்காவது போகும். எங்கள் புது மேலாளர் இங்கே பிறந்த பெண், கெட்டிக்காரி. "அங்கிள், ஓல்ட் ஃபைல் இருக்குத்தானே? போஸ்டல் கோடை எடுத்திட்டு அப்லோட் பண்ணுங்கோ."

"அந்த ஆக்கள் திருப்பி ஓம் எண்டு சொல்லேல்லை, பிள்ளை."

"ஃபர்ஸ்ட் டைம் ஓகே சொன்னவைதானே?"

உமக்குச் சொன்னார்கள். எனக்குச் சொல்லவில்லை. இதைப் போடப் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை. நேற்று, என்னிடம் மட்டும் மிஞ்சியிருந்த அந்தப் பழைய கோப்பை அழித்தேன். உறுதியா என்று கணினி கேட்டது. உறுதியில்லை. மாசக்கணக்காக நீர் நடந்து சேர்த்ததை அழித்தது சரியா, சமையலறையையும் சேர்த்து அழித்துவிட்டேனா, இதை எழுதும்போதும் தெரியவில்லை. இரண்டு தரம் எழும்பி ஜன்னலடிக்குப் போய் வந்துவிட்டேன்.

பவளம் அன்ரியின் முழங்கால் பெட்டி வேலைக்குச் சம்மதிக்கவில்லையாம். திரும்பவும் பொரிக்கிறார், முன்பைவிடக் குறைய. இன்று என்னை உள்ளே விட்டார். இருக்கச் சொல்லவில்லை.

"அன்ரி, அந்தக் கடிதம் வந்ததுக்குக் காரணம் நான். படிவம் கொண்டு வந்த அவ இல்லை."

"தெரியும்."

"அவ சொன்னவவோ?"

"அவ தன்ர பிழை எண்டுதான் சொன்னவ. ஆனா அவவின்ர எழுத்தை அவவே வாசிக்கமாட்டா. ஆரோ இருந்து வடிவாத் தட்டி அனுப்பியிருக்கவேணும் எண்டு அண்டைக்கே விளங்கினது."

"பிறகேன் ஒண்டும் கேக்கேல்லை?"

"கேக்கிறதுக்கு நீர் வந்தாத்தானே தம்பி."

சமையலறையைப் பற்றிச் சொன்னேன். இந்தமுறை வீடு, மாடி, கட்டடம் ஒன்றும் போகாது, பகுதி முழுவதுக்கும் ஒரு எண்ணிக்கை மட்டும். அதையும் அனுப்ப முன் அவரிடமே காட்டுவேன் என்றேன். அன்ரி படிவத்தை வாங்கி, எண்ணெய் படாத இடமாகப் பார்த்து வைத்தார்.

"வாசிச்சுப்போட்டுச் சொல்லுறன்."

"வெள்ளிக்கிழமை கடைசி நாள், அன்ரி."

"அப்ப வியாழன்வரை எனக்கு நேரமிருக்கு. அவவெண்டா பாத்துக்கொண்டு இருந்திருப்பா."

உண்மைதான், நீர் இருந்திருப்பீர். ஆளை அவசரப்படுத்தி எடுத்த ஓம் ஒரு சம்மதமே அல்ல என்று நீர் சொன்னபோது, அதை அறிக்கையில் எங்கே போடுவது என்று கேட்டவன் நான்.

வெளியே வந்து அடுத்த வீட்டு மணியை அடித்தேன். அடித்த பின் எப்போதும் நீர் இரண்டடி பின்னால் போய் நிற்பீர். கதவுத் துளையால் பார்க்கிறவருக்கு முகம் மட்டுமல்ல, ஆள் முழுதாகத் தெரியவேண்டும், அதற்குப் பிறகு திறப்பதும் திறக்காததும் அவர் பாடு என்பீர். உம்மிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த இரண்டடிதான். பின்னால் போய் நின்றேன். உள்ளே செருப்புச் சத்தம் கதவுவரை வந்து நின்றது. துளை இருண்டது. கையிலிருந்த படிவங்களைக் கீழே வைத்துவிட்டு, அவர் பார்த்து முடிக்கும்வரை அப்படியே நின்றேன்.