தங்கையைவிடக் குட்டையான அக்கா

என் அன்பு மச்சானுக்கு, உங்கள் ஜுலைஹாவின் ஸலாம்.

நெஞ்சுவலியில் போன உங்களைத் துபாயிலேயே அடக்கம் செய்து இரண்டு வருஷமாகிவிட்டது. கபுரைப் பார்க்கக்கூட எனக்கு வழியில்லை. நீங்கள் பேசும் வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து வீட்டுப் போன் அடித்தால் இன்னமும் எழுந்து நிற்கிறேன். யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை.

போன வாரம் பிள்ளைகளுக்கு யூனிபார்ம் அளவெடுக்கத் தையல்கடைக்குப் போனேன். டைலர் நஸ்ரினைப் பார்த்து, "பெரிய பொண்ணு மொதல்ல வாம்மா" என்றார். நம் பர்வீன் முன்னால் வந்து, "நான்தாங்க அக்கா. எனக்கு ஒம்பது வயசு, இவளுக்கு ஏழுதான்" என்றாள். டைலர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

நம் தலத்தெருவுக்குத் திரும்பி நடக்கும்போது கேட்டாள். "உம்மா, நான் மட்டும் ஏன் வளரல?"

நம் இரண்டு குடும்பத்திலும் குட்டையானவர்கள் இல்லையே, என்ன பொய் சொல்ல? உள்ளதைச் சொல்லிவிட்டேன். சிமெண்ட் கடையில் நீங்கள் மூட்டை தூக்கிய காலம். மழை பெய்தால் வேலை இருக்காது. பால் மறந்த பிள்ளைக்குக் கஞ்சித்தண்ணீரும் டீயில் நனைத்த ரொட்டியும்தான். அடிக்கடி வயிற்றுப்போக்கு வேறு.

எடை பார்த்த நர்சம்மா சொன்னது நினைவிருக்கிறதா? "ரெண்டு வயசுக்குள்ள நல்லா குடுத்திருக்கணும். பின்னாடி எவ்வளவு குடுத்தாலும் முழுசா ஈடாகாதுங்க." பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தீர்கள். வீட்டுக்கு வந்ததும், "ஜுலைஹா, நான் துபாய்க்கு சபர் போயிடறேன்" என்றீர்கள். அப்போது நஸ்ரின் என் வயிற்றில்.

அவள் பிறக்குமுன்பே உங்கள் பணம் வரத் தொடங்கிவிட்டது. எனக்குப் பாலும் முட்டையும் கிடைத்தன. பிறகு அவளுக்குப் பருப்பும் மீனும். மூத்தவளுக்கும் குறை வைக்கவில்லை. உடம்பு தேறினாள். உயரம்தான் ஈடாகவில்லை.

எல்லாம் கேட்டுவிட்டு பர்வீன் நின்றுவிட்டாள். "அப்ப வாப்பா எனக்காகத்தான் போனாங்களா? நான் நல்லா வளந்திருந்தா இங்கேயே இருந்திருப்பாங்களா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தேன். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நீங்களாயிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

இடியாப்பம் அவித்து விற்கிறேன். பிள்ளைகளுக்கு முட்டை தவறியதில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு அவளை வளர விடமாட்டேன். "உன்னால வாப்பா போகலம்மா, உன் மேல இருந்த ஆசையில போனாங்க" என்று அவள் நம்பும்வரை சொல்வேன். நம்பாவிட்டால் மறுபடியும் சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

பர்வீன், நஸ்ரினின் உம்மா,
உங்கள் மனைவி
ஜுலைஹா