கை கழுவும் சத்தம்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகம்தானே? இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பாப்பாவின் முழங்கால் வீக்கம் வடிந்திருக்கிறது, படியேறுகிறாள். நல்ல செய்தி அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமைதோறும் நீ போனில் சொல்லிக்கொடுத்தபடியேதான் ஊசி போடுகிறேன். பனிக்கட்டி வைக்கிறேன், பத்து எண்ணச் சொல்கிறேன். லிஃப்ட் பழுது பார்க்கப் பன்னிரண்டாவது மாடியில் தொங்குகிறவன், அந்தச் சின்னத் தொடையைப் பிடித்ததும் அவளோடு சேர்ந்து நானும் பத்து எண்ணுகிறேன். அவள் அம்மா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்கிறாள், அழுகுரல் கேட்காமலிருக்க. அவளைக் குறை சொல்ல மாட்டேன். முதல் இரண்டு மாதம் அவள்தான் பிடித்துக்கொண்டாள்.

மருந்து ஃப்ரிட்ஜில் இருக்கிறது. அதனால் பாப்பா ஃப்ரிட்ஜ் பக்கமே போவதில்லை. ஐஸ்கிரீம் வாங்கி வைத்தேன், அப்படியே கிடக்கிறது.

போன வெள்ளிக்கிழமை கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாள். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் காலைப் பிடித்து இழுத்தேன், அக்கா. வீங்கியிருந்த அந்தக் காலைத்தான். எதிர்வீட்டு டீச்சர் தோளை அமுக்கிக்கொள்ள, ஒருவழியாகப் போட்டு முடித்தேன். பயத்தில் பாவாடையை நனைத்துவிட்டாள். துடைத்துவிடும்போது மெதுவாகக் கேட்டாள்: "எப்பப்பா உன் கோபம் போகும்?"

கோபமே இல்லடா கண்ணு, இது மருந்து என்றேன். தலையை ஆட்டினாள். நம்பவில்லை.

இந்த மூட்டுவாதத்துக்கான மாத்திரை இவளுக்கு ஒத்துக்கொள்ளாது, குறைந்தது இன்னும் இரண்டு வருடம் ஊசிதான் என்கிறார் டாக்டர். வாராவாரம் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போகலாமென்றால் போகவர ஒரு நாள் ஓடிவிடும். அத்தனை விடுப்பு எனக்கு யார் தருவார்கள்?

முன்பெல்லாம் வேலை முடிந்து வந்தால் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். இப்போது நான் சோப்பு போட்டுக் கை கழுவும் சத்தம் கேட்டாலே, எந்தக் கிழமையானாலும், சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். சாப்பிடக்கூட நான் சத்தமில்லாமல் கை கழுவுகிறேன்.

ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. ஒரு மாதம் விடுப்புப் போட்டுவிட்டு வா. நாலே நாலு ஊசி, நீ போடு. நீ நர்ஸ் என்பதற்காகக் கேட்கவில்லை. அந்த நாலு வெள்ளிக்கிழமையும் நான் பக்கத்து அறையில் இருக்க வேண்டும். அழுதுகொண்டே அவள் என்னிடம் ஓடிவர வேண்டும்.

அத்தை, அத்தை என்று உன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள். நீ ஊசியை எடுத்தால் அது போய்விடும். தெரிந்தேதான் கேட்கிறேன். என்னை மன்னித்துவிட்டு வா, அக்கா.

உன் தம்பி.