பின்சீற்றுக்கு ஒரு மெத்தை

3 அக்டோபர் 2006, செவ்வாய்

மழை. காலையிலிருந்து விட்டு விட்டு. சிற்றிக்குள் பார்சல் ஓடி முடித்து வீடு வர இருட்டிவிட்டது. கையுறை இரண்டும் ஹீற்றரில் காய்கின்றன. வீடு முழுக்க நனைந்த நாயின் மணம்.

பைக்கின் சீற்றைக் கழற்றிக் குசினி மேசையில் வைத்தேன். சுகந்தி முகத்தைச் சுளித்தாள். கௌரி விரத காலம், சாப்பிடும் மேசையில் மோட்டார் சைக்கிள் சாமான். பேப்பர் விரித்துத்தான் வைத்தேன். அதுவும் குற்றம்.

ரெக்சினை அடித்தட்டோடு பிடித்திருக்கும் ஸ்ரேப்பிள் கம்பிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். ஒன்று பெருவிரலில் ஏறிவிட்டது. உள்ளே ஸ்பொஞ்சைப் பார்க்கப் பாவம். முன்பக்கம் நான் இருந்து இருந்து அப்பளமாகிவிட்டது. பின்பக்கம் புதிது போல. ஜூலையில் அவள் இருந்ததைத் தவிர யாரும் அதில் இருந்ததில்லை.

அந்த ஜூலைப் பயணம். பிரதீப்பைப் பார்க்க, A1 பாதையில் மூன்று மணி நேரம். அரைவாசித் தூரம்கூடப் போகவில்லை, ஒரு பெற்றோல் செற்றில் இறங்கிப் புல்லில் குப்புறப் படுத்துவிட்டாள். "என்னாலை ஏலாதப்பா. நாரி விட்டுப் போச்சு." சான்விச் தொழிற்சாலையில் நின்று நின்று கெட்டுப்போன இடுப்பு. அப்படியே திரும்பி வந்தோம். அன்றைக்குப் பிள்ளை அங்கே தனியே ஒரு மேசையில் காத்துக்கொண்டு இருந்திருப்பான்.

பெப்ரவரியில் தீர்ப்பு வந்த நாளிலிருந்து அவள் மகனைப் பார்க்கவில்லை. நான்தான் போய் வருகிறேன். அடுத்த மாதம் அவனை இன்னும் வடக்கே, ஸ்கொட்லாந்துக்குக் கிட்ட உள்ள சிறைக்கு மாற்றப் போகிறார்களாம். அங்கே இந்த பைக்கில் போய் வர முடியாது. 15ஆம் திகதி ஞாயிறு விசிற். அதற்குள் இந்தச் சீற் சரிவர வேண்டும்.

5, வியாழன்

மூடல். குளிர்.

செய்ய வேண்டியது:
- புது ஸ்பொஞ்
- பின்பக்கச் சரிவை எடுப்பது (பிரேக் பிடித்தால் அவள் என் முதுகில் வந்து மோதுகிறாள்)
- பின்னால் உள்ள பெட்டியில் அவள் சாய ஒரு குஷன்
- கால் வைக்கும் கம்பியைக் கொஞ்சம் பதித்து இறக்குவது
- பால், கருவேப்பிலை

ஈஸ்ட் ஹாமில் சோபாத் துணி விற்கும் கடையில் இருக்கிறதிலேயே மெத்தென்றதைக் கேட்டு வாங்கினேன். கையால் அமத்தினால் பஞ்சு. நல்ல சாமான் என்ற சந்தோஷத்தில் வந்தேன்.

மரக்கறிக் கடை வாசலில் சிவம் அண்ணை. சுகந்தியின் பெரியம்மாவின் மகன். ஏழு பேர் இருக்கக்கூடிய வான், பளபளவென்று.

"தம்பி ரவி, என்ன கையிலை மெத்தை? பெடியன் வாறானோ?"

"இல்லை அண்ணை. பைக்குக்கு."

"லீட்ஸிலை என்ன மாதிரி? படிப்பு ஓடுதோ?"

"ஓம் அண்ணை. ரெண்டாம் வருஷம்."

செப்ரெம்பரில் நானேதான் அவனை இரண்டாம் வருடத்துக்கு ஏற்றினேன். இன்ஜினியரிங். ஹொஸ்ரலில் அறை. கூட இருக்கும் பெடியனுக்குப் பெயர்கூட வைத்தாகிவிட்டது. சொந்தக்காரர் எல்லோருக்கும் இதுதான் கதை. பாதிப் பேருக்கு உண்மை தெரியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தவர்கள்தான் லீட்ஸ் பற்றி அதிகம் விசாரிக்கிறார்கள்.

"எங்கையும் போறதெண்டாச் சொல்லும். ஞாயிறிலை வான் சும்மாதான் நிக்குது."

அந்த வானில் ஏறினால் சு. காலை நீட்டிப் படுத்துக்கொண்டே போய் வரலாம். கேட்க முடியாது. கேட்டால் எந்த இடத்துக்கு என்று சொல்ல வேண்டும். ரெயினில் போகலாம் என்றால், ஞாயிறில் பாதித் தூரம் பாதை திருத்தமென்று பஸ்ஸில் ஏற்றுகிறார்கள், போய்ச் சேர வாசல் பூட்டிவிடும். எனக்குக் கார் லைசென்ஸ் இல்லை, ரெஸ்ற்றில் ஓடிக் காட்டிப் பெயில் பட்டுப் பட்டு வெறுத்துவிட்டது. ஆக, நான், பைக், இந்த ஸ்பொஞ்.

7, சனி

வெயில், ஆனால் சூடில்லாத வெயில்.

புது ஸ்பொஞ் படு தோல்வி. வெட்டி ஒட்டி ஏறி இருந்தேன். இருந்த உடனே சொர்க்கம். பிறகு நசிந்து நசிந்து, அடித்தட்டில் எலும்பு முட்டுகிறது. மெத்தென்றது எல்லாம் சுகமில்லை என்பது ஐம்பது வயது கிட்டும்போதுதான் எனக்கு விளங்குகிறது. கடைக்காரனில் பிழையில்லை. நான் கேட்டதைத்தான் தந்தான்.

பழையபடி கிழித்தேன். கராஜில் கிடந்த தடித்த ஜிம் பாயை அடியில் வைத்தேன். அதற்கு மேல் துண்டுகளை அழுத்திச் செய்த கட்டி ஸ்பொஞ். எல்லாவற்றுக்கும் மேல் இந்த மெத்தென்றதில் ஒரு விரல் தடிப்பு மட்டும். பாண் வெட்டும் கத்தியால் செதுக்கினேன். மாப்போலத் தூள் பறந்து பருப்புப் போத்தல் மேலெல்லாம் படிந்தது. பசை மணத்தில் தலையிடி.

சீற்றை இரண்டு கதிரைகளுக்கு நடுவில் வைத்து சு.வை ஏறி இருக்கச் சொன்னேன். டிவியில் நாடகம் ஓடியது.

"கல்லு மாதிரிக் கிடக்கு."

"கொஞ்ச நேரம் இரும். பிறகு சொல்லும்."

நாடகம் முடியும் வரை இருந்தாள். எழும்பும்போது நாரியைப் பிடிக்கவில்லை. எனக்குள் ஒரு சின்னத் துள்ளல். பிறகு கேட்டாள்:

"ஏனப்பா இவ்வளவு மினக்கெடுறியள்?"

என்ன கேள்வி இது? கோபம் வந்தது. தூளைக் கூட்டினேன்.

8, ஞாயிறு

சேர்ச் ரோட் முருகன் கோயில். சு. இப்போது பின்னேரம்தான் போகிறாள். முன்பு காலையில் போவாள். காலையில் அந்தத் தாய் வருவார்.

அந்தத் தாய் என்றால், இறந்த பெடியனின் தாய். கோழிப்பொரியல் கடை வாசல் சண்டையில் போன பிள்ளை. கத்தி பிரதீப்பின் கையில் இருக்கவில்லை. கோர்ட்டில் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆனால் அந்தப் பெடியனைப் பிடித்துக்கொண்டு நின்ற இரண்டு பேரில் எங்கள் பிள்ளை ஒருவன். ஆறு வருடம். நான் இதை எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுதிப் பார்த்தாலும் அவன் என் பிள்ளைதான். எனக்கு அவனைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கோயிலால் வந்து ஒரு சோதனை ஓட்டம், சவுத்எண்ட் கடற்கரை வரை, இருவருமாக. போகும்போது நன்று. திரும்பும்போது அவளுக்கு முள்ளந்தண்டின் கீழ் முனை முட்டுகிறதாம். அந்த இடத்தில் உள்ளங்கை அளவு குழி வெட்ட வேண்டும். வழியில் பெய்த மழை தையலால் இறங்கி, ஸ்பொஞ் அதைக் குடித்திருக்கிறது. சந்திக்குச் சந்தி பிழியப் பிழியத் தண்ணீர். இருவருக்கும் பின்பக்கம் ஈரம். சிரிப்பு வர வேண்டிய இடம். யாரும் சிரிக்கவில்லை.

11, புதன்

காற்று. பாலத்தில் பைக்கைத் தள்ளியது.

இரவு பி. சிறையிலிருந்து போன் எடுத்தான். கார்ட் முடியப் போகிறது என்று அவசரம் அவசரமாகக் கதை.

"அப்பா, அம்மா கமிங்? ஷுவர்?"

"ஓமடா. புது சீற் செய்யிறன். அம்மாவுக்கெண்டே."

"நீங்களே செய்யிறீங்களா? ஸீரியஸ்லி?"

சிரித்தான். எட்டு மாதத்தில் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. குழி வெட்டியது, பாய் வைத்தது எல்லாம் சொன்னேன். பத்து வயதில் சொன்னால் கேட்பது போலக் கேட்டான். அம்மாவிடம் கொடுங்கள் என்றான். சு. பாத்ரூமில். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கார்ட் முடிந்து போன் அறுந்த பிறகுதான் தண்ணீர் நின்றது.

14, சனி

தூறல். வேலைக்குப் போகவில்லை.

ஸ்பொஞ்சைச் சுற்றி இரண்டு பெரிய குப்பைப் பைகள், மழைக்கு. அதன் மேல் ரெக்சின். சு.வின் முடி காய வைக்கும் மெஷினால் சூடாக்கி இழுத்தேன், இழுபட்டது. முன்னும் பின்னும், பிறகு பக்கங்கள். ஒரு மடிப்பு இல்லை. கால் கம்பியும் பதித்தாகிவிட்டது. பெட்டியில் குஷன் கட்டியாகிவிட்டது. பார்க்கக் கடையில் வாங்கியது போல. வீட்டில் நான் செய்த எதுவும் இவ்வளவு நேராக வந்ததில்லை. அலுமாரிக் கதவே சாட்சி.

சு. வந்து ஒரு தரம் தடவிப் பார்த்தாள். "வடிவாயிருக்கு" என்றாள். முகம் நன்றாக இல்லை. விரதக் களைப்பு என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு விசிற்றுக்கும் வடை சுட்டுத் தருவாள். உள்ளே விட மாட்டார்கள். வழியில் நான் தின்றுவிட்டு, அவன் சாப்பிட்டான் என்று வந்து சொல்வேன். இந்த முறை சுடவில்லை. விரதத்தோடு என்னத்தைச் சுடுவது என்று நானும் கேட்கவில்லை.

நாளைக்கு: இரண்டு பேரின் பாஸ்போட், தேத்தண்ணிக்குச் சில்லறை, மழைக் கோட்டு.

15, ஞாயிறு

பனிப்புகார். பிறகு வெளித்தது.

விடிய வெளிக்கிட்டோம். ஜூலையில் அவள் விழுந்து படுத்த பெற்றோல் செற்றைத் தாண்டும்போது கையைப் பின்னால் நீட்டி அவள் முழங்காலில் தட்டினேன். அவளும் என் தோளில் தட்டினாள். பீற்றர்பரோ தாண்டி ஒரு இடத்தில் தேத்தண்ணி. நாரியைக் கேட்டேன், ஒன்றுமில்லை என்றாள். எனக்குத்தான் குண்டி மரத்துவிட்டது. என் சீற்றுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சிறையின் கார் பாக்கில் நிறுத்திவிட்டு இறங்கினேன். அவள் இறங்கவில்லை. கால் விறைத்துவிட்டதோ என்று கை நீட்டினேன்.

"நீங்கள் போங்கோ."

"என்ன நோகுதோ?"

"இல்லை. நீங்கள் போய்ப் பாத்திட்டு வாங்கோ. நான் இதிலை இருக்கிறன்."

"விசர்க் கதை கதையாதையும். மூண்டு மணித்தியாலம் வந்திருக்கிறம். பிள்ளை பாத்துக்கொண்டிருப்பான்."

ஹெல்மெற்றைக் கழற்றவில்லை. கண்ணாடியை மட்டும் உயர்த்தினாள்.

"கிட்ட வந்தா மனம் வருமெண்டு நினைச்சன். வரேல்லை. போன மாசம் கடையிலை அந்தப் பெடியன்ரை தாயைக் கண்டனான். தேங்காய் தட்டிப் பாத்துக்கொண்டு நிண்டவா. என்னைக் கண்டிட்டு, ஒண்டும் பேசேல்லை, நாலு தேங்காயிலை ரெண்டைத் திருப்பி வைச்சிட்டுப் போனவா. நான் உள்ளுக்குப் போய் என்ரை பிள்ளையைக் கட்டிப் பிடிக்கிறது. அவ எங்கை போறது?"

கெஞ்சினேன். ஏசினேன். கையைப் பிடித்து இழுத்தேன் என்றும் எழுத வேண்டும். வாசலில் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவி, பேரனைப் பார்க்க வந்தவள் போல, எல்லாம் ஓகேயா என்று கேட்டாள். ஓகே என்றேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. தனியே போனேன்.

பிரதீப் தலையை இழுத்து வாரியிருந்தான். கிளீன் ஷேவ். மேசைக்கு முன்னால் இரண்டு கதிரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் இழுத்து வைத்திருந்தான். என்னைக் கண்டதும் எழும்பி, எனக்குப் பின்னால் பார்த்தான். கதவு மூடும் வரை பார்த்தான்.

"அம்மா?"

"நாரி, ராசா. ஏலாமல் போச்சு."

"சீற் செஞ்சீங்கதானே?"

"சரிவரேல்லையடா."

ஸ்பொஞ் பிழையா, உயரம் பிழையா என்று கேட்டான். ஸ்பொஞ் என்றேன். அடுத்த தரம் ஜெல் வைத்துப் பாருங்கள் என்றான். ஓம், பார்க்கிறேன் என்றேன். நேரம் முடிய முதலே எழும்பிவிட்டேன், அங்கே இருக்க முடியவில்லை. கட்டிப் பிடித்தபோது என் கோட்டில் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான்.

வெளியே வந்தேன். அதே இடம், அதே இருப்பு, ஹெல்மெற்றோடு. இறங்கவே இல்லையாம். எவ்வளவு நேரம் அப்படியே. முகத்தைப் பார்க்க விருப்பமில்லாமல் கையுறையைப் போட்டுக்கொண்டே கேட்டேன், நோகுதோ என்று.

"இல்லை" என்றாள். "ஒரு சொட்டும் நோகேல்லை."