சிக் என்றால் சீக்கு

சிவகாசி,
4.8.2024

அன்பு மருமகள் பிரீத்திகாவுக்கு,

உன் தாய்மாமன் செந்தூர்பாண்டி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் மகள் சினேகாவும் சுகம். விருதுநகரில் உன் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறாள், என்னோடு மட்டும் பேசுவதில்லை. கூடப்பிறந்த தம்பியை இப்படி ஒதுக்கிவைத்த அக்காவை நான் எங்கும் கண்டதில்லை.

போனில் என்னை பிளாக் பண்ணிவிட்டாய். பரவாயில்லை, தபாலை யாரும் பிளாக் பண்ண முடியாது. கவரில் உன் இங்கிலாந்து ஊரை ‘லெஸ்டர்’ என்று நான் இங்கிலீஷில் எழுதியதைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு கையெழுத்தைச் சர்வீஸிலேயே பார்த்ததில்லை என்று போஸ்ட்மாஸ்டர் எழுந்து நின்றார் என்றால் பார்த்துக்கொள்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சினேகாவின் போன் மேசை மேல் கிடந்தது. நீ அனுப்பிய மெசேஜ் வந்து விழுந்தது. ‘மெட் மணிகண்டராஜ் டுடே. ஹி இஸ் சிக்.’ கண்ணாடி போட்டும் படித்தேன், கழற்றியும் படித்தேன். ஆவணியில் நிச்சயம் வைத்திருக்கிற மாப்பிள்ளை. நீ இருக்கிற ஊரிலேயே வேலை. அவனை நேரில் பார்த்துவிட்டு வந்து நீ எழுதியிருக்கிறாய், ‘சிக்’ என்று. சிக் என்றால் சீக்கு. கோழிக்கு வந்தாலும் அதுதான், ஆளுக்கு வந்தாலும் அதுதான்.

தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாய்மாமன்தான் கேட்க வேண்டும். மறுநாளே கார் பிடித்துக் காரியாபட்டி போனேன். மாப்பிள்ளையின் அப்பா ஊர்க்காவலன் வீட்டுக் கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். நாற்பது என்றும் சொல்லலாம். படித்ததைப் படித்தபடி சொன்னேன். அவ்வளவுதான் என் குற்றம்.

இப்போது சினேகா சொல்கிறாள், சிக் என்றால் ‘அருமையான ஆள்’ என்று அர்த்தமாம். கேட்டதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இது என்ன பாஷை? எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனியில் டப்பா மேல் அலுமினியப் பொடி என்று எழுதியிருந்தால் உள்ளே அலுமினியப் பொடிதான் இருக்க வேண்டும். வேறு மருந்து இருந்தால் வெடித்து ரூமும் இருக்காது, ஆளும் இருக்கமாட்டான். இந்த வெள்ளைக்காரன் டப்பாவில் ஒன்றை எழுதி, உள்ளே வேறொன்றை அடைத்து வைத்திருக்கிறான். அவன் பண்ணின அசிங்கத்துக்கு நான் ஏன் திட்டு வாங்க வேண்டும்?

பதில் போடு.

இப்படிக்கு,
உன் மாமா
‘இங்கிலீஷ்’ செந்தூர்பாண்டி,
லேபிள் வாசக நிபுணர்

*

லெஸ்டர்,
19.8.2024

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம் விசாரிக்க மனம் வரவில்லை, மன்னியுங்கள்.

அடுத்தவர் போனில் வந்ததைப் படித்தது முதல் அசிங்கம். அதை வெள்ளைக்காரன் பண்ணவில்லை. சந்தேகம் இருந்தால் என்னைக் கேட்டிருக்கலாம். சினேகா பக்கத்து அறையில்தான் இருந்தாள்.

ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம்தான் என்கிறீர்கள். பட்டாசு வெடித்துக் காட்டுகிறவனைப் பார்த்து, ‘பின்னிட்டாம்லே’ என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அவன் கூடையா பின்னினான்? பள்ளிக்கூடத்தில் நான் முதலாவதாக வந்தபோது ‘கொன்னுட்டா என் மருமக’ என்று தெருவெல்லாம் சொன்னீர்கள். போலீஸ் வரவில்லை. சினேகா பெயிலானபோது ‘நல்லாக் கிழிச்ச’ என்றீர்கள். நம் ஊர்ப் பேச்சு நமக்குப் புரிகிறது. அதுபோல இங்குள்ளவர்களுக்கு இவர்கள் பேச்சு புரிகிறது. எனக்கும் புரிகிறது. உங்களுக்குப் புரியவில்லை என்று ஒத்துக்கொள்வதில்தான் உங்களுக்குக் கஷ்டம்.

போன வருஷம் ஒரு பெட்டியில் ‘லைட் ஃப்யூஸ் அண்ட் ரிட்டையர்’ என்று இருந்ததைத் ‘திரியைப் பற்றவைத்து ஓய்வு பெறவும்’ என்று தமிழில் போட்டு, நாற்பதாயிரம் லேபிள் அச்சடிக்க வைத்தீர்கள். தள்ளிப் போ என்பதுதான் அங்கே அர்த்தம். அம்மா சொல்லிச் சிரித்தாள். அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். இது என் வாழ்க்கை.

மணிகண்டராஜுக்கு என்னைப் பிடித்திருக்கிறது. எனக்கும்தான். ஆனால் அப்பாவை மீறி அவர் வரமாட்டார். அவர் அப்பாவோ, நீங்கள் கூடத்தில் வைத்துப் பேசிய பேச்சுக்குப் பிறகு சம்பந்தம் வேண்டாம் என்கிறார். நிச்சயம் நின்றுவிட்டது. அப்படி என்ன பேச்சு என்று கேட்டால் மணிகண்டராஜ் தலையைக் குனிந்துகொள்கிறார், வாயைத் திறப்பதில்லை.

நீங்கள் அதே கூடத்துக்குப் போக வேண்டும். ‘எனக்கு இங்கிலீஷ் தெரியாது, தெரியாமல் சொல்லிவிட்டேன்’ என்று சொல்ல வேண்டும். வேறு ஒரு வார்த்தை வேண்டாம்.

பிரீத்திகா

*

சிவகாசி,
31.8.2024

அருமை மருமகளுக்கு,

உன் கடிதத்தில் சர்க்கரையே இல்லை. இருந்தாலும் பொட்டுப் பொட்டாக உன் எழுத்து அழகு.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சொல்லச் சொல்கிறாய். அதற்குப் பதில் நீ என்னை நாக்பூர் வரை நடக்கச் சொல்லலாம். சிவகாசியில் எந்த பிரஸ்ஸில் இங்கிலீஷ் லேபிள் ஓடினாலும் முதல் புரூஃப் எனக்குத்தான் வரும். தீபாவளி சீசன் நேரம் வேறு. காலையில் காரியாபட்டியில் சொன்னால் மத்தியானம் சிவகாசியில் சிரிப்பார்கள். பிறகு பெட்டிக்கடைக்காரன்கூட எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தருவான்.

நான் ஒன்று செய்கிறேன். ஊர்க்காவலனைப் பார்த்து, குற்றம் அந்தச் சொல்லில் இருக்கிறது என்று விளக்குகிறேன். அதற்காக ஒரு நோட்டே போட்டிருக்கிறேன். சினேகாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். படிக்கப் படிக்க அருவருப்பாக இருக்கிறது. ‘பாம்’ என்ற சொல்லைப் பார். அமெரிக்காவில் படம் பாம் ஆனது என்றால் ஊத்திக்கொண்டதாம். இங்கிலாந்தில் பாம் மாதிரி போனது என்றால் ஓகோ என்று ஓடியதாம். முன்னால் ஒரு ‘தி’ சேர்த்தால் அதைவிட ஒசத்தி இல்லையாம். நாம் ஊரே சேர்ந்து பாம் செய்கிறோம், நமக்கு ஒரே அர்த்தம்தான். ‘கிராக்கர்’ இன்னும் மோசம். ஒரு தேசத்தில் அழகான பொம்பளை, இன்னொரு தேசத்தில் வெள்ளைக்காரனை வையும் சொல், மூன்றாவதாக பிஸ்கட். இந்தச் சொல்லை இத்தனை வருஷம் லட்சக்கணக்கான பெட்டியில் போட்டேனே என்று கை கழுவினேன். ‘விக்கிட்’ என்றால் கெட்டவன், அதுவே சூப்பர். ‘டெட்’ என்றால் சிரித்தானாம். செத்தவன் எங்கே சிரிக்கிறான்?

இந்த நோட்டைக் காட்டினால் ஊர்க்காவலன் அசந்துவிடுவார். காரியாபட்டியே எனக்கு மாலை போடும். நீ கவலைப்படாதே.

இப்படிக்கு,
‘இங்கிலீஷ்’ செந்தூர்பாண்டி

*

லெஸ்டர்,
13.9.2024

மாமா,

நோட்டைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

ஐப்பசி பிறந்ததும் மணிகண்டராஜுக்கு வேறு இடம் பார்க்கப்போகிறார்கள். அருப்புக்கோட்டையில் ஒரு ஜாதகம் வந்திருக்கிறதாம். அவரே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு அழுதார். நான் அழவில்லை.

எனக்கு உங்கள் பேச்சை நினைத்தால் குமட்டுகிறது. இதற்கு எந்த ஊரிலும் ஒரே அர்த்தம்தான்.

நீங்கள் சொல்லப்போவது அந்த ஒரு வரி. அது முடியாது என்றால் இனிமேல் கடிதமும் வேண்டாம்.

பிரீத்திகா

*

சிவகாசி,
29.9.2024

பிரீத்திகாவுக்கு,

காரியாபட்டி போய்விட்டு வந்தேன். பஸ்ஸில்தான் போனேன். போன தடவையும் பஸ்தான், கார் இல்லை. கூடத்தில் அன்றைக்கு இருந்தது ஆறு பேர்.

ஊர்க்காவலன் கொத்தமல்லி மூட்டைகளுக்கு நடுவே தன் கடையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் சம்சாரமும் வந்து கதவோரம் நின்றார்கள். நீ சொன்னபடியே சொன்னேன், எனக்கு இங்கிலீஷ் தெரியாது, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று. சொல்லி முடித்ததும், சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் நிதானமாகக் கேட்டார்.

“அது எங்களுக்கு அன்னைக்குச் சாயங்காலமே தெரியும்ங்க. பையன் போனப் போட்டு அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லிட்டான். அதோட இருந்தா சிரிச்சிட்டு விட்டிருப்போம். ஒரு கிட்னி போயிருச்சு, வாரத்துக்கு ரெண்டு தடவ மிஷின்ல ரத்தத்தச் சுத்தம் பண்ணுறான்னு சொன்னீகளே, அது எந்த இங்கிலீஷ்ல எழுதியிருந்துச்சு?”

இதை நான் உனக்கு எழுதவில்லை. படித்ததைப் படித்தபடி சொன்னேன் என்று எழுதினேன். அது பொய். அன்றைக்குச் சீக்கு என்று நான் சொன்னபோது, என்ன சீக்கு என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஆறு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிட்னி என்று வந்துவிட்டது. வந்த பிறகு மிஷின் வந்தது. அதை மதுரையில் ஒரு பெரிய டாக்டர் எனக்குச் சொன்னதாகவும் வந்தது. மணிகண்டராஜ் உன்னிடம் சொல்லக் கூசியது இதைத்தான்.

அந்த அம்மா கதவை விட்டு நகரவில்லை.

“அவன வீடியோவுல சட்டையத் தூக்கச் சொல்லி, இடுப்புல தழும்பு இருக்கான்னு பாத்தேன்” என்றார்கள். “பெத்த பிள்ளைய நம்பாம பாக்க வச்சிட்டீகளே.”

கிட்னியும் மிஷினும் டாக்டரும் நானாகச் சேர்த்த பொய் என்று ஒத்துக்கொண்டேன். காபி கொடுத்தார்கள். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அவர்கள் காபியில் குறை இல்லை. எனக்கு என் வாயே பிடிக்கவில்லை. நோட்டு முழுக்க வெள்ளைக்காரன் சொல்லை எழுதி அருவருப்பு என்று உனக்குப் பக்கம் பக்கமாக அளந்தேன். கிட்னி தமிழில்தான் சொன்னேன். எல்லாருக்கும் புரிகிற மாதிரி.

கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டார்கள். தை மாதம், விருதுநகரில். உன் அம்மாவுக்கு அங்கிருந்தே போன் பண்ணினார்கள். உனக்கும் இதற்குள் தெரிந்திருக்கும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் பந்தலுக்கு வரக்கூடாது என்று ஊர்க்காவலன் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டார் என்றுதான் எழுத வேண்டும், மரியாதையாகத்தான் சொன்னார். சரி என்றேன்.

மாமன் மாலையை என் தம்பி சண்முகவேல் போடுவான். சேலையையும் நகையையும் நான் எடுத்து அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். நீ இதற்காக யாரிடமும் எனக்காகப் பேச வேண்டாம். பேசமாட்டாய் என்றும் தெரியும்.

இரண்டு பிரஸ்ஸில் இருந்து புரூஃப் வருவது நின்றிருக்கிறது. மற்றதும் நிற்கலாம்.

கல்யாணத்தன்று புரூஃப் பார்க்கிற என் கடையைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பேன். மருமகள் கல்யாணத்துக்குப் போகாமல் இங்கே என்ன செய்கிறீர் என்று வருகிறவன் எல்லாம் கேட்பான். இன்ன பொய் சொன்னேன், அதனால் வர வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும். முந்தாநாள் சினேகாவிடம் சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே ஊர்க்காவலன் மேல் ஒரு குற்றத்தை நானாகச் சேர்த்துவிட்டேன். நிறுத்திவிட்டு முதலில் இருந்து சொன்னேன். தைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

செந்தூர்பாண்டி